பள்ளி திறக்கும் முன்பே வகுப்பறையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடியப் போகிறது என்றதும் சீருடை, நோட்டுப் புத்தகம், பஸ் பாஸ், கட்டணம் என்று எல்லாவற்றைப் பற்றியும் செய்தி வருகிறது. மூளை வளர்ச்சி வேறுபாடான ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஜூன் மாதத்து முதல் வாரம் எப்படிப் போகும் என்று ஒரு வரி வருவதில்லை. அந்த வாரத்தைச் சுலபமாக்க வழி இருக்கிறது. பாதி பெற்றோர் கையில், மீதி தலைமையாசிரியர் கையில். இரு தரப்பும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிரிவு, எந்த அறை, வகுப்பாசிரியர் யார் என்ற பட்டியலைப் பல பள்ளிகள் திறப்பு நாள் காலையில்தான் பலகையில் ஒட்டுகின்றன. மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு குதூகலம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ புது அறை, புது டீச்சர், புது பெஞ்சு, பக்கத்தில் புது முகம், தலைக்கு மேல் வேறு சத்தம் போடும் ஃபேன் என எல்லாம் ஒரே மணி நேரத்தில் வந்து விழுகிறது. பட்டியல் எப்படியும் முன்பே தயாராகிவிடுகிறது. அதிலிருந்து ஒரே ஒரு பெயருக்கான விவரத்தை நாலு நாள் முன்னதாக அந்தப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் பள்ளிக்கு என்ன நஷ்டம்?

1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி விரிவாக எழுதியபோதே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அதன் முக்கிய அடையாளமாகக் குறித்தார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதபோது இந்தப் பிள்ளைகளுக்கு வருவது பயம். அது வெளியே தெரிவது அடம், கத்தல், காதைப் பொத்திக்கொள்ளுதல், தரையில் படுத்துக்கொள்ளுதல் என்ற உருவத்தில். பார்க்கிற சொந்தக்காரர்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இதில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒன்பது மணிக்கு எழுந்து, போனைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்று, பகல் முழுக்க ஜட்டியோடு திரிந்ததும் பிள்ளைக்கு ஒரு ஒழுங்காகப் படிந்துவிட்டது. நம் கண்ணுக்குத்தான் அது ஒழுங்கின்மை. அதை ஒரே காலையில் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

ஆகவே தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் கணக்குப் போட்டு. விடுமுறையில் பிள்ளை எழுவது காலை 8.45 என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வேன் 7.45-க்கு வருகிறது என்றால் 6.15-க்கு எழ வேண்டும். வித்தியாசம் 150 நிமிடம். இரண்டு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னால் இழுத்தால் பத்துப் படி, அதாவது 20 நாள். மாற்றத்தை ஓரளவு தாங்குகிற பிள்ளை என்றால் தினமும் 15 நிமிடம் இழுத்துப் பத்து நாளில் முடிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் இது தொடங்குவது பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இரவில் சீக்கிரம் படுக்க வைப்பதில் முதலில் மல்லுக்கட்டாதீர்கள். தூக்கம் வராத பிள்ளையை இருட்டில் படுக்கவைத்தால் படுக்கை என்றாலே சண்டை என்று பதிந்துவிடும். காலையில் எழுப்பும் நேரத்தைப் பிடியுங்கள், இரவு தானாகப் பின்னால் வரும். எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வாசலிலோ மொட்டை மாடியிலோ வெளிச்சத்தில் இருக்கவிடுங்கள். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டிவி இரண்டும் ஓய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். வாரம் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். கோடையில் மாடியில் காற்றாடப் படுத்துப் பழகிய பிள்ளை கீழே அறைக்குள் ஃபேன் சத்தத்தில் தூங்க மறுக்கும். அந்த இட மாற்றத்தையும் இந்த நாட்களுக்குள்ளேயே செய்துவிடுங்கள். தூக்க மாத்திரை, மெலடோனின் போன்றவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. மருத்துவர் சொல்லாமல் கூடாது. வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும் என்பதால் எழும் நேரம் மாறினாலும் மருந்து நேரம் தவறக் கூடாது. நேரத்தை எப்படி நகர்த்துவது என்று மருத்துவரையே கேளுங்கள்.

அடுத்தது படப் பலகை, அதாவது அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களில் காட்டும் அட்டை. சிறப்புப் பள்ளிகளில் இதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீட்டில் செய்பவர்கள் குறைவு, செய்தவர்களில் சரியாகச் செய்தவர்கள் அதிலும் குறைவு. பழைய காலண்டர் அட்டை ஒன்று, ஒரு மீட்டர் வெல்க்ரோ நாடா, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்த படங்கள், அடியில் ஒட்ட ஒரு கவர். செலவு இவ்வளவுதான். படம் ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. இருந்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் பல் துலக்குவதைவிட, உங்கள் வீட்டு வாஷ்பேசின், அவனுடைய நீல பிரஷ், அவனுடைய தட்டு, அவனுடைய வேன் இவற்றைப் போனில் எடுத்துப் போடுவது நல்லது. பொதுவான படத்திலிருந்து தன் வீட்டுப் பொருளுக்குத் தாவுவது பல பிள்ளைகளுக்குக் கடினம். லேமினேஷன் பளபளப்பில் டியூப்லைட் பட்டுப் படமே தெரியாமல் போவதும் உண்டு. பலகையை மாட்டும் இடத்தில் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படங்களை மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். முதல் வாரம் நான்கு படம் போதும்: பல் துலக்கு, குளி, சாப்பிடு, பிடித்த விளையாட்டு. பழகியபின் ஏழெட்டு வரை போகலாம். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே உரித்து அடியில் உள்ள ‘முடிந்தது’ கவருக்குள் போட வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்கள்போல அம்மாவே படத்தை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். பிள்ளை பலகையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அப்புறம் “நாங்களும் பலகை வெச்சுப் பார்த்தோம், ஒண்ணும் நடக்கலை” என்பார்கள். பிள்ளையைப் பலகைக்கு அழைத்துவந்து, பின்னால் நின்று, தேவைப்பட்டால் அதன் கையைப் பிடித்துப் படத்தில் வைக்க வேண்டும். வாயால் பத்து முறை சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளை பலகையை விட்டுவிட்டு உங்கள் குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்கும்.

பலகையில் வெறும் கட்டளைகளாகப் போட்டு நிரப்பினாலும் அது வேலை செய்யாது. மூன்று வேலைக்கு ஒன்றாவது பிடித்ததாக இருக்கட்டும். ஊஞ்சல், தண்ணீர் விளையாட்டு, முறுக்கு, எதுவானாலும் சரி. இன்னொரு தவறு, நன்றாகப் போகிறதே என்று ஒரு மாதத்தில் பலகையைக் கழற்றிவிடுவது. நன்றாகப் போவதே பலகையால்தான். நாமெல்லாம் வருஷம் முழுக்கக் காலண்டர் வைத்துக்கொள்கிறோம், பிள்ளைக்கு மட்டும் ஏன் பறிக்க வேண்டும்? பலகை முழுவதையும் பார்த்தால் மிரளும் பிள்ளைக்கு இரண்டே கட்டம் உள்ள ‘முதலில் – பிறகு’ அட்டை போதும். முதலில் சட்டை, பிறகு பலூன். ‘பிறகு’ என்று காட்டியதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏமாற்றக் கூடாது.

போனைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். விடுமுறையில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் யூடியூப் பார்த்த பிள்ளையிடமிருந்து ஜூன் முதல் தேதி போனைப் பறித்தால் வீடு ரணகளமாகும். நேரத்தைக் குறைப்பதற்கு முன் இடத்தை நிர்ணயம் செய்யுங்கள். பலகையில் போன் படம் இரண்டே இடத்தில். காலைக் குளியலுக்குப் பின் ஒன்று, மாலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒன்று. மற்ற நேரத்தில் போன் பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும், உங்கள் போனும்தான். முடிக்கும்போது “பத்து நிமிஷம்” என்றால் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அதில் அர்த்தமில்லை. “இந்தப் பாட்டு முடிந்ததும்” என்று வீடியோவின் முடிவையே எல்லையாக வையுங்கள். அதற்கு முன் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை செட்டிங்ஸில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு என்பதே வராது. மணல் கடிகாரமும் உதவும். “சார்ஜ் இல்லை”, “நெட் போச்சு”, “போன் உடைஞ்சிருச்சு” என்ற பொய்கள் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அரை மணி கழித்து நீங்களே அந்தப் போனில் பேசுவதைப் பிள்ளை பார்க்கும். அதன்பின் உங்கள் மற்ற சொற்களுக்கும் மதிப்புப் போய்விடும்.

சீருடை விஷயத்தில் கஞ்சியின் மொடமொடப்பு பலருக்கு உறைப்பதில்லை. புதுத் துணியை மூன்று நான்கு முறை துவைத்தபிறகே போட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டையில் உள்ள லேபிளை வெட்டினால் மட்டும் போதாது, தையலோடு பிரித்து எடுக்க வேண்டும். வெட்டிய நுனி இன்னும் மோசமாகக் குத்தும். சாக்ஸின் விரல் தையல் உறுத்துகிறது என்றால் உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுவிடலாம்; ஷூவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? விடுமுறைக்குள் கால் வளர்ந்திருக்கலாம் என்பதால் பழைய ஷூவை முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை ஷூவைக் கழற்றி எறியத்தான் செய்யும். சீருடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்: முதல் இரண்டு நாள் மாலையில் பத்து நிமிடம், பிடித்த விளையாட்டின்போது சட்டை மட்டும், பிறகு டவுசர், பிறகு ஷூ, பை எல்லாம் சேர்த்து அரை மணி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சகிக்காத பிள்ளைக்குப் பையில் கிளிப் போட்டு மாட்டப் பள்ளி அனுமதிக்கலாம். முடி வெட்டுவதைத் திறப்பு நாளுக்கு முந்தைய மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்திருந்தால் மே முதல் பாதியில்.

சாப்பாட்டில் ஒத்திகை இதுதான்: பள்ளியில் சாப்பிடும் அதே நேரத்துக்கு, அதே டிபன் டப்பாவில், தரையில் உட்கார்ந்து, போன் இல்லாமல். மூடி இறுக்கமான புது டப்பா வாங்கினால் பிள்ளை திறக்கத் தெரியாமல் பட்டினி கிடந்து திரும்பும். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளை என்றால் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எந்தக் கிழமைக்கு எது என்பதைப் பள்ளியில் கேட்டு, அந்தப் படத்தை அன்றைய பலகையில் ஒட்டிவிடுங்கள். உப்புமாவைத் தொடவே தொடாத பிள்ளைக்கு வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வாங்கிவிடுவதே நல்லது. முதல் வாரத்தில் புது உணவைப் பழக்க முயல வேண்டாம்.

கழிப்பறையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நாற்றமும் ஈரத் தரையும் வாளியில் தண்ணீர் விழும் சத்தமும் பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்கு மேல் அந்தப் பிள்ளை குதிப்பதும் அடிப்பதும் ‘நடத்தைப் பிரச்சினை’ என்று டைரியில் எழுதப்படும். இடைவேளை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன், கூட்டம் இல்லாதபோது, ஆயாம்மா கூட்டிப் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, காலியான பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப்போக வேண்டும் என்கிறோம். ஆசிரியர்கள் முன்னதாகவே பணிக்கு வந்துவிடுவதால் இது நடக்கக்கூடியதே. அரை மணி போதும். வேன் வரும் வழியிலேயே, முடிந்தால் அதே நேரத்தில் வண்டியில் கூட்டிப் போங்கள். கேட், நடைபாதை, வகுப்பறைக் கதவு, தன் பெஞ்சு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சாப்பிடும் இடம் என்று வரிசையாக நடந்து, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர் இருந்தால் அவரையும், வேன் ஓட்டுநர் மாறியிருந்தால் அவரையும். இந்தப் பத்துப் பன்னிரண்டு படங்களைச் சின்ன ஆல்பத்தில் போட்டு, தினமும் இரவு ஒரு முறை கதைபோலச் சொல்லுங்கள். “இதுதான் உன் பெஞ்சு. பெல் அடிக்கும். சத்தமாக இருக்கும். பிறகு நின்றுவிடும்” என்று நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள், “நீ அழவே கூடாது” என்ற பாடம் வேண்டாம். பெல் சத்தத்தைப் பதிவு செய்துவந்து வீட்டில் மிக மெதுவாக வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம்.

பெஞ்சு எது என்பதிலும் ஆசிரியர் யோசிக்க வேண்டும். கதவோரமும் ஜன்னலோரமும் கவனம் சிதறும். ஃபேனுக்கு நேர் கீழே சிலருக்கு ஆகாது. சுவரோரம், முன்வரிசை, பக்கத்தில் அமைதியான ஒரு தோழன், அதே இடம் வருஷம் முழுக்க. வாரம் ஒரு முறை பெஞ்சு மாற்றும் முறை வகுப்பில் இருந்தால் இந்தப் பிள்ளைக்கு மட்டும் விலக்கு. இவற்றைச் சலுகையாகக் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் ஒரு பக்கத்தில் தேவைகளை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளி என்றால் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரையும் அந்த அரை மணிக்கு அழையுங்கள்.

முதல் வாரம் முழுநாள் முடியாது என்று தெரிந்தால் அரை நாளுக்கு அனுமதி கேளுங்கள். ஆனால் வீட்டுக்கு வரும் நேரத்தை முன்பே முடிவு செய்து, பலகையிலும் காட்டிவிட வேண்டும். பிள்ளை அழுததும் போன் செய்து கூட்டிப் போகச் சொன்னால், அழுதால் வீடு என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும்.

பள்ளியில் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலைத் தொட்டதும் வெடிப்பது சகஜம். “எங்ககிட்ட நல்லாத்தானே இருந்தான்” என்று டீச்சர் சொல்ல, பழி அம்மாவின் தலையில் விழும். நாள் முழுக்க அடக்கிவைத்தது பாதுகாப்பான இடத்தில் வெளியே வருகிறது, அவ்வளவுதான். வந்ததும் 45 நிமிடம் எந்தக் கேள்வியும் வேண்டாம். ஷூவைக் கழற்றி, பழைய பனியன் மாட்டி, தின்பதற்குக் கொடுத்து, மங்கலான அறையிலோ ஊஞ்சலிலோ விட்டுவிடுங்கள். பாட்டி, “ஸ்கூல்ல என்னடா நடந்துச்சு” என்று கேட்பதையும் அந்த 45 நிமிடத்துக்குப் பிறகு என்று ஒத்திப்போட வேண்டும். விடுமுறையில் நிறுத்திவைத்த ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), நீச்சல் எல்லாவற்றையும் அதே வாரம் தொடங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள்.

கழிப்பறைப் பழக்கமும் சில சொற்களும் பின்வாங்கினால் உடனே பதற வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். தலையைச் சுவரில் மோதுவது, கையைக் கடிப்பது திடீரென அதிகமானால் பள்ளியைக் குறை சொல்வதற்கு முன் பல், காது, வயிறு மூன்றையும் பாருங்கள். மலச்சிக்கல் மட்டுமே காரணமாக இருந்த பிள்ளைகள் நிறைய. சாப்பாட்டையே நிறுத்திவிட்டால், பல இரவுகள் தூங்காவிட்டால், மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

கடைசியாகத் தேதிச் சிக்கல். வெயிலைக் காரணம் காட்டிப் பள்ளித் திறப்பு தள்ளிப்போவது நமக்குப் பழகிவிட்டது. 2023-இல் ஜூன் 7 என்றிருந்தது, ஆறாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் ஜூன் 12 என்றும் சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் மாறியது. 2024-இல் ஜூன் 6 என்றது 10 ஆனது. காலண்டரில் தினம் ஒரு கட்டத்தை அடித்து, இன்னும் மூன்று நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பேரிடி. அதனால் தேதிக் கட்டத்தில் பேனாவால் எழுதாமல், பள்ளியின் படத்தை கிளிப்பில் மாட்டுங்கள். தள்ளிப்போனால், பிள்ளையின் கண் முன்னாலேயே கிளிப்பை எடுத்து வேறு கட்டத்தில் மாட்டலாம். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ‘மாற்றம்’ என்று ஒரு அட்டை செய்துவைத்து, அதை முதலில் நல்ல செய்திக்குப் பயன்படுத்துங்கள்: தோசைக்குப் பதில் பூரி, வீட்டுக்குப் பதில் பூங்கா. பத்து முறை இப்படிச் சந்தோஷமாகப் பழகிய அட்டைதான் கெட்ட நாளில் கைகொடுக்கும். நவம்பரில் அந்த நாள் நிச்சயம் வரும். காலை ஆறரைக்கு ஆட்சியர் மழை விடுமுறை அறிவிப்பார், பிள்ளை அதற்குள் சீருடை போட்டுக் கதவருகே நிற்கும். அப்போது பள்ளிப் படத்தின் மேல் ஆரஞ்சு அட்டையை ஒட்டிவிட்டு, சீருடையை உடனே கழற்றச் சொல்லாமல் அன்று வேன் வரும் நேரம் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பணிபுரியும் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள்,
மதுரை.